கம்பியின் மறுமுனை

மூடியை முதலில் பார்த்தானா, அந்தக் காற்றை முதலில் உணர்ந்தானா என்று இப்போது கேட்டால் அவனால் அடித்துச் சொல்ல முடியாது. அந்த நாளை அவன் மனதுக்குள் அத்தனை தடவை ஓட்டிப் பார்த்துவிட்டான். ஓட்ட ஓட்ட நடந்தவை ஒன்றோடொன்று இடம் மாறிக்கொள்கின்றன. சில சமயம் அதில் மழை பெய்கிறது, சில சமயம் பெய்வதில்லை. மூடி மட்டும் எல்லாத் தடவையும் ஒரே மாதிரி இருக்கிறது.

மழையும் பறவையும் உள்ளே போகாமல் புகைபோக்கியின் உச்சியில் கவிழ்த்து வைக்கும் தகரத் தொப்பி அது. கடலோர வீடுகளில் நெடுநாள் தாங்காது. உப்புக் காற்று வெளிப்பக்கத்துப் பெயின்ட்டில் கொப்புளம் கிளப்பி, கொப்புளத்தின் வழியாக உள்ளே நுழைந்து, தகரத்தை மெல்ல மெல்லத் தின்னும். புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலில், அப்படித் தின்றுபோன மூடிகளைக் கழற்றிப் போட்டே அவனுக்கு வயதாகியிருந்தது. ஆனால் அன்றைக்குக் கூரையிலிருந்து பல்லி கொண்டுவந்த மூடியின் வெளிப்பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. அரித்துப் போயிருந்தது உள்பக்கம்.

"மாமா, இதைப் பாருங்க. மேல பெயின்ட் பளபளன்னு இருக்கு. உள்ள விரல் வச்சா உதிருது."

"தலைகீழா மாட்டி வச்சிருப்பானுங்க."

"தொப்பியை எப்படித் தலைகீழா மாட்டுறது? நீங்க மாட்டியிருந்தா நம்பலாம்."

பல்லி அவனுடைய மனைவியின் தம்பி. எப்பேர்ப்பட்ட சாய்ந்த கூரையிலும் ஒட்டிக்கொண்டு ஏறிவிடுவதால் அந்தப் பெயர். தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தது அக்காதான். "இவன் எனக்குத் தம்பி இல்லைங்க, முதல் பிள்ளை" என்று கல்யாணத்தன்றே அவனிடம் சொல்லிவிட்டாள். தம்பி கூரை ஏறும் நாட்களில் அவளுக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடாது. அவனுக்கு முழங்கால் தேய்ந்துபோனதிலிருந்து கூரை பல்லிக்கு, கீழே விறகு எரியும் கணப்படுப்பு அவனுக்கு என்று ஆகிவிட்டது.

வீட்டுக்காரம்மா கதவோரமாக, கம்பளிச் சட்டையின் கைகளுக்குள் விரல்களை இழுத்து வைத்துக்கொண்டு நின்றாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான்.

"புகை திரும்பி வருதுன்னு போன்ல சொன்னீங்களே, கடல் காத்து அடிக்கும்போதா?" என்று அவன் கேட்டான்.

"காத்து அடிச்சா நல்லாத்தான் போகுது. ஒரு இலை கூட ஆடாத நாள் இருக்கு பாருங்க, அன்னிக்குத்தான் வருது. கொஞ்சம் வரும், நிக்கும். திரும்பக் கொஞ்சம் வரும், நிக்கும்." அவள் சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே பிடிக்காததுபோல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கூடு கட்டியிருக்கும். இல்லைன்னா உள்சுவர் பேந்து விழுந்திருக்கும். பார்த்துடலாம்."

கணப்படுப்பின் வாயில் அவன் பிளாஸ்டிக் தாளை விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, கை நுழையும் அளவுக்கு நடுவில் ஒரு கீறல் போட்டான். உள்ளே டார்ச்சை ஏற்றி நிமிர்த்தி வைத்தான். மேலிருந்து பல்லி, வளையும் கம்பியில் மாட்டிய பிரஷ்ஷை இறக்குவான். ஒரு கம்பி முடிந்ததும் அதன் தலையில் அடுத்த கம்பியைத் திருகி இணைப்பான். பிரஷ் கீழே வந்ததும் அவன் கையில் சிக்கும். புகைபோக்கிக்குள் குரல் கொடுத்தால் சுவர்களில் மோதிக் குழம்பி, என்ன சொன்னோம் என்பதே தெரியாமல் போய்விடும். அதனால் அவர்கள் கத்துவதில்லை. கம்பியே பேசும். ஒரு உலுக்கல் என்றால் நிறுத்து. இரண்டு உலுக்கல் என்றால் கீழே இழு.

பல்லியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒருமுறை கம்பிகள் மொத்தமும் கைநழுவி ஒரு புகைபோக்கிக்குள் போய்விட்டன. அன்றிலிருந்து கடைசிக் கம்பியின் தலையில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொள்வான். புகைபோக்கியில் கட்டச் சொன்னால், உப்பு தின்ற செங்கல் தன்னைவிட முன்னாடி விழுந்துவிடும் என்பான். அதுவும் நியாயம்தான் என்று அவனும் விட்டுவிட்டான். ஒன்றரைச் சாண் அகலக் குழாய்க்குள் மனிதன் எப்படி விழுவான்?

பிரஷ் உரசும் சத்தம் மேலே தொடங்கியது. கரகரவென்று, நின்று, மறுபடி கரகரவென்று. அவன் தாளுக்கு அருகில் மண்டியிட்டு, முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தான். கொட்டும் கரியின் அளவை வைத்தே புகைபோக்கியின் வயதைச் சொல்லிவிடக் கூடியவன் அவன். கரி கொட்டவில்லை. வருடக்கணக்காக விறகு எரிந்த வீட்டில் ஒரு கைப்பிடிக் கரிகூட விழவில்லை. கீறலில் கைவிட்டு உட்சுவரைத் தடவினான். நக்கித் துடைத்த தட்டு போல வழவழவென்று இருந்தது. ஈரமாக இருந்தது. விரலை முகர்ந்தபோது புகை வாடை இல்லை. கடல் பின்வாங்கிய பிறகு பாறை இடுக்கில் தங்கிவிடும் தண்ணீரின் வாடை.

அப்போது அவன் மணிக்கட்டின் மேல் காற்று பட்டது. கொஞ்சம் வந்தது. நின்றது. பிறகு உள்ளே இழுபட்டது.

கையை எடுத்துக்கொண்டான்.

உரசல் சத்தம் ஓய்ந்துவிட்டது. பிரஷ் வரவில்லை. அவன் எழுந்து வாசலுக்கு வந்து தலையை அண்ணாந்தான். மேகம் இறங்கி, பிற்பகலிலேயே கூரையின் விளிம்பு மங்கத் தொடங்கியிருந்தது.

"என்ன மாப்ள, தூங்கிட்டியா?"

"நீங்கதான் கீழ தூங்கறீங்க. எல்லாக் கம்பியும் போயிடுச்சு மாமா. இன்னும் வரலையா?"

"வரலையே."

"பையே காலி. இந்த வீட்டு உயரத்துக்குப் பாதிக் கம்பி போதும். மாடி வீட்டுக்குப் போடறதெல்லாம் போட்டாச்சு."

"உள்ள எங்கயோ மடங்கிச் சுருண்டிருக்கும். மேல இழுத்துப் பாரு."

பல்லி இழுப்பது தெரிந்தது. குனிந்து, புகைபோக்கியில் ஒரு காலை ஊன்றி இழுத்தான். "வர மாட்டேங்குது. உங்க அக்கா கையில மாட்டின மாதிரி பிடிச்சுக்கிச்சு."

"உன் அக்காவைச் சொல்லு. இரு, பிரஷ் கைக்கு எட்டுதான்னு திரும்பப் பார்க்கறேன். எட்டினா கீழ இருந்து இழுக்கறேன். நீ உலுக்கு."

"சரி. சீக்கிரம் பாருங்க, குளிருது."

அதுதான் அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு.

அவன் மண்டியிட்டுக் கீறலுக்குள் கையை நுழைத்தான். சற்று முன்பு வெறும் காற்று இருந்த இடத்தில் பிரஷ் இருந்தது. அவன் உள்ளங்கைக்குள்ளேயே வந்து அமர்ந்ததுபோல. முட்கள் சுத்தமாக, சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. கம்பியைப் பற்றினான். மேலிருந்து பதில் வந்தது. இரண்டு உலுக்கல்.

இழுத்தான். அசையவில்லை.

மறுபடி இரண்டு உலுக்கல். அவசரக்காரன், என்று நினைத்துக்கொண்டான். தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து, நல்ல காலைச் சுவரில் ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தான். மேலே எங்கேயோ, ஈரத்துணி பிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிடி இளகியது. கம்பி வரத் தொடங்கியது. ஒரு கம்பி, அதன் இணைப்பு, அடுத்த கம்பி. வந்ததையெல்லாம் தனக்குப் பின்னால் தரையில் தள்ளிக்கொண்டே இழுத்தான். கனமாக வந்தது. வர வர இன்னும் கனத்தது. இரண்டு உலுக்கல். இழுத்தான். இரண்டு உலுக்கல். இழுத்தான்.

பின்னால் வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது.

"உங்க ஆளு கீழ இறங்கிட்டாரா? கொடியில துணி எடுக்கப் போனேன். மேல காணோமே."

அவன் கைகள் நின்றன.

"நல்லாப் பாருங்கம்மா. அந்தப் பக்கமா உட்கார்ந்திருப்பான்."

"சுத்திப் பார்த்துட்டேன். ஏணி இருக்கு. ஒரு செருப்பு ஓட்டு மேல கிடக்கு."

கம்பி அசைந்தது. ஒரு உலுக்கல். ஒரே ஒன்று. இத்தனை நேரம் வந்தவை போல இல்லை. மெலிவாக வந்தது. நிறுத்து.

அந்த உலுக்கல் அவனுக்குத் தெரியும். இத்தனை வருடங்களாக அந்தக் கையைக் கம்பி வழியாகவே கேட்டு வந்திருக்கிறான்.

பிறகு, உடனே, பலமாக: இரண்டு.

கம்பியில் வெவ்வேறு இரண்டு கைகள் இருந்தன.

"மாப்ள!" வாழ்க்கையில் முதன்முறையாகப் புகைபோக்கிக்குள் கத்தினான். "மாப்ள, பிடிச்சுக்க! நான் இழுக்க மாட்டேன்டா! இழுக்க மாட்டேன்!"

ஒன்று. மெலிவாக.

இரண்டு.

அவன் எவ்வளவு இழுத்துவிட்டான்? பின்னால் கிடந்த கம்பிகளைத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. கயிற்றின் நீளம் நினைவுக்கு வந்தது. இடுப்பில் போடும் அந்த முடிச்சு. ஒன்றரைச் சாண் அகலம். நினைக்காதே.

விட்டால், உள்ளே இருக்கும் அது பல்லியை மேலே எடுத்துக்கொள்ளும். இழுத்தால், தானே தன் கையால் அவனை அந்த அகலத்துக்குள். அவன் விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. தோள்கள் கிழிந்தன. கைகளில் ஈரம் வழுக்கியது. கண்ணீர் தானாகக் கொட்டியது.

"அம்மா, ஏணியில ஏறுங்க. தயவுசெஞ்சு. புகைபோக்கிக்குள்ள எட்டிப் பாருங்க. அவன் கால் தெரிஞ்சா பிடிச்சுக்கங்க. விட்டுடாதீங்க, உங்க கால்ல வேணாலும் விழறேன்."

அவள் ஓடினாள். ஏணி கூரை விளிம்பில் மோதும் சத்தம். ஓடுகள் நொறுங்கும் சத்தம். பிறகு தலைக்கு நேர்மேலே, தெள்ளத் தெளிவாக, பக்கத்து அறையில் நின்று பேசுவதுபோல அவள் குரல் இறங்கியது.

"உள்ள யாரும் இல்லைங்க."

"கம்பி? கம்பி எங்க மாட்டியிருக்கு?"

"கம்பியும் இல்லை. அடி வரைக்கும் வெறுமையா இருக்கு. உங்க டார்ச் தெரியுது." மேலே ஓடு ஒன்று நெரிந்தது. "உங்க கை தெரியுது. நீங்க எதைப் பிடிச்சிட்டிருக்கீங்க?"

ஒன்று.

இரண்டு.

இரண்டு.

தீயணைப்புக்காரர்கள் உச்சியிலிருந்து செங்கல் செங்கலாகப் பிரித்துக்கொண்டு வந்தார்கள். கணப்படுப்புக்கு மேல் ஓர் ஆள் உயரம் மிச்சமிருக்கும்போது அவன் போட்ட கூச்சலில் நிறுத்திக்கொண்டார்கள். மிச்சமிருந்த குட்டைக் குழாயின் மேல்வாய் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. கீழ்வாயில் கம்பி நுழைந்தது. மேல்வாயில் வரவில்லை. அவர்களில் ஒருவர் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். உடனே கையை எடுத்துக்கொண்டு, தொட்ட கையை வெகுநேரம் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இருட்டும் நேரத்தில் மனைவி வந்தாள். அழவில்லை. எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியில் கை வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு உலுக்கல் வந்தது. "இங்கதான்டா இருக்கேன்" என்றாள்.

வீட்டுக்காரம்மாவும் கணவனும் கடலை விட்டுத் தள்ளி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவள் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை என்று கேள்வி. தீயணைப்புக்காரர்கள் கம்பியைப் பற்றி எவரிடமும் பேசவில்லை. பல்லியைக் காணவில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். அவனும் மனைவியும் அந்த வீட்டில், அந்த ஒரு அறையில், மாறி மாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

ஒற்றை உலுக்கல் நின்று வெகுநாளாகிறது. இப்போதெல்லாம் இரண்டுதான் வருகிறது.

அது தம்பிதான் என்கிறாள் அவள். களைத்துப் போய்விட்டான், வெளியே எடுக்கச் சொல்கிறான், வந்து சேர்ந்தால் போதும், எப்படி வந்தாலும் எனக்குப் பிள்ளைதான் என்கிறாள். அவன் விழித்திருக்கும் வரை அவள் கைமேல் தன் கையை வைத்து இறுக்கிக் கம்பியை நிறுத்துகிறான். அவன் கண் அயரும்போது அவள் இழுக்கிறாள். விழித்துப் பார்க்கும்போது தரையில் ஒரு கம்பி கூடுதலாகக் கிடக்கிறது. அவர்களிடம் இருந்த கம்பிகள் எப்போதோ வந்து முடிந்துவிட்டன; கடைசிக் கம்பியில் கட்டிய கயிறு வரவே இல்லை. இவை வேறு. இன்று காலை வந்த கம்பி வெதுவெதுப்பாக இருந்தது.