செண்பகவல்லியின் குப்பியில் ஒரு பூனை

மூன்று குப்பிகளையும் தரையில் வைத்துவிட்டு எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். மூடி திறந்ததும் மெல்லிய பனி போல ஏதோ அறையில் பரவியது. மனித மூக்குக்கு அது மழைக்கு முந்தைய காற்று, அவ்வளவுதான். நாய்க்கு அது ஒரு மருத்துவரின் முழு வாழ்க்கை.

கோவையில் கால்நடை மருத்துவர்கள் பட்டங்களைச் சுவரில் மாட்டுவதை விட்டுப் பதினோரு வருடமாகிறது. படித்த படிப்பு, அறுத்த வயிறு, தைத்த தோல் எல்லாவற்றையும் மணவடிப்பான் என்ற கருவி அவரவர் வியர்வையிலிருந்து இறக்கி, வாழ்மணமாக்கிக் குப்பியில் அடைத்துவிடும். எந்தக் குப்பியின் முன் விலங்கு உட்காருகிறதோ, அந்த மருத்துவர்தான் கத்தியைத் தொடலாம். சட்டம் அப்படி.

நாய் பீமன் உட்காரவில்லை. இரைப்பை முறுக்கிக்கொண்டு அவன் வயிறு பானையாக உப்பியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் திறக்காவிட்டால் பிழைக்க மாட்டான். இரண்டு இளம் மருத்துவர்களின் குப்பிகளைத் தள்ளாடிக் கடந்தான். மூத்த மருத்துவர் செண்பகவல்லியின் குப்பியை முகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டாக்டரம்மா, நீங்களே அறுத்துப்போடுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க" என்றாள் வேலாத்தாள். அவள் வீட்டில் அவளோடு இருப்பது பீமன் ஒருவன்தான்.

செண்பகவல்லிக்குக் காரணம் தெரியும் என்று தோன்றியது. இருபத்தாறு வருடங்களுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வெள்ளைப் பூனையின் வயிற்றுக்குள் பஞ்சுத்துணியை மறந்து வைத்துத் தைத்துவிட்டாள். ஒன்பதாம் நாள் அது செத்தது. அந்தத் தவறு மணக்கும் ஒரு சொட்டை மட்டும் மணவடிப்பாளர் யூசுப் அவள் குப்பியிலிருந்து பிரித்தெடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"யூசுப், அந்தச் சொட்டை எடுத்துட்டு வாங்க."

"வெளிய தெரிஞ்சா உங்க பேரு போயிடும், மேடம்."

"போகட்டும்."

சொட்டு விழுந்தது. அவள் கண்ணுக்கு மட்டும், அந்த வெள்ளைப் பூனை பனிக்குள்ளிருந்து எழுந்து, கால் தரையில் பாவாமல் அறையைச் சுற்றி வந்தது. பீமன் திரும்பி வந்தான், நெடுநேரம் முகர்ந்தான், வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான்.

வழக்கம் போலப் பஞ்சுத்துணிகளை வாய்விட்டு இருமுறை எண்ணிய பிறகே அவள் தைத்தாள். பீமன் பிழைத்தான்.

"உண்மையை மோந்துட்டான், மேடம்" என்றார் யூசுப். செண்பகவல்லிக்கும் நெஞ்சு லேசாகியிருந்தது.

"அதுல என்னங்க ஊத்துனீங்க?" என்று கேட்டாள் வேலாத்தாள்.

"நான் கொன்ன ஒரு பூனைங்க."

"அதான பாத்தேன். இவனுக்குப் பூனைன்னாலே ஆகாதுங்க."

செண்பகவல்லி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அன்று மாலையே இளம் மருத்துவர்கள் இருவரும் யூசுப்பிடம் போய், தங்கள் சொட்டுகளையும் குப்பியில் சேர்க்கச் சொல்லித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை ஒரு பூனை வந்தது. நூல் கோத்த ஊசியை விழுங்கியிருந்தது. முதல் குப்பியை முகர்ந்ததும் அதற்கு மயிர் சிலிர்த்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதற்குப் போகவே இல்லை, வந்த கூடைக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது. இளம் மருத்துவர்கள் தரையைப் பார்த்தார்கள். வாயோரம் நூல் தொங்க, கூடைக்குள்ளிருந்து பூனை செண்பகவல்லியையே பார்த்தது.

அவள் யூசுப் பக்கம் திரும்பினாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே, சொட்டுகளைத் திரும்பப் பிரித்து வைக்க அவர் குளிர்ப்பெட்டியோடு நின்றிருந்தார்.