பூட்ஸுக்குள் சாவி

"என் நாத்தனாரை இன்னைக்கே ஊருக்கு அனுப்பணும். அதுக்கு முன்னாடி, இது அவங்க வேலைதான்னு நீங்க நிரூபிச்சுக் காட்டணும்," என்றாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண், உட்காராமலேயே.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அவருடைய மச்சான் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

காய்ச்சல் மூளைக்கு ஏறியதிலிருந்து அவளுடைய கணவருக்குப் பழையது எதுவும் நினைவில்லை. அதற்குப் பிறகு குடிவந்த புது வீட்டில், அவளை வீட்டுச் சொந்தக்காரி என்று நினைத்து மரியாதையாகப் பேசுகிறார். அது போதாதென்று இந்தச் சாவித் தொல்லை. சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவு, அதற்கு ஒரே சாவி. மாலையில் உள்ளே ஆணியில் மாட்டிவிட்டு அவள் இரவு வேலைக்குப் போவாள். காலையில் திரும்பும்போது அது வாசலுக்கு வெளியே, கணவருடைய பழைய பூட்ஸுக்குள் கிடக்கும்.

"அவர் தொடவே இல்லைங்கறார். அவருக்குப் பொய் சொல்ல வராது. அப்ப வீட்டுல மிச்சம் யாரு?"

"நாத்தனாரேதான், அத்தான்! கேஸ் முடிஞ்சுது," என்றார் மச்சான்.

"செருப்பு மாட்டினதுக்காகவாவது வந்து பாருங்க மச்சான்."

அவள் வீட்டு வாசலில் நாத்தனார் பெட்டியோடு உம்மென்று நின்றிருந்தார். துப்பறிவாளர் பூட்ஸைத் தொடவில்லை. அதற்கு நேர் மேலே, வெள்ளைச் சுவரில் விரல் அழுக்கு படிந்திருந்த இடத்தையே பார்த்தார்.

"அக்கா, இதைக் கொஞ்சம் தொடுங்க."

குள்ளமான நாத்தனாருக்கு எக்கியும் எட்டவில்லை.

"பழைய வீட்டுல, வாசக்கதவு பக்கத்துல, இந்த உயரத்துல என்ன இருந்துச்சு?"

"மீட்டர் பெட்டி," என்றாள் மருந்துக்கடைப் பெண். "நான் லேட்டா வருவேன்னு, படுக்கறதுக்கு முன்னாடி அவர்தான் சாவியை அது மேல வெப்பார்."

"இன்னும் வெக்கறார். இங்க பெட்டி இல்லை, சாவி கீழ விழுந்துடுது. அவர் சொன்னதும் பொய் இல்லைம்மா. கை செய்யறது அவருக்கே தெரியலை."

அவள் நாத்தனாரின் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். "மன்னிச்சுடுங்க அண்ணி."

அன்று மாலை அவள் வேலைக்குப் போவதுபோல் கிளம்பி, தெருமுனையில் மறைந்து நின்றாள். விளக்கு வைத்ததும் கணவர் வெளியே வந்தார். சுவரைப் பார்க்கக்கூட இல்லை. கையை உயர்த்திச் சாவியைக் காற்றில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் பூட்ஸிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். எதிரே நாற்காலியில் அவர் வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் ஒரு கணம் மலர்ந்து, வாடியது.

"ஓனரம்மா, நீங்களா? வேற யாரோன்னு நினைச்சேன்."

"யாரு வரணும்?"

"தெரியலைங்க. ஆனா வரணும்ல?"

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வரட்டும். நானும் கூட உட்கார்ந்திருக்கேன்," என்றாள். இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.