கழற்ற முடியாத வன்தட்டு

2025 நவம்பர் 18, செவ்வாய். இன்று ஒரு சிறிய பிழை கண்டுபிடித்தேன். என்னுடையதுதான். வன்தட்டின் இரண்டாம் பிரிவுக்குரிய நீண்ட இலக்கத்தைப் பார்த்து எழுதும்போது எட்டுக்குப் பதில் மூன்று போட்டிருக்கிறேன். மூன்று நாளாக அந்தப் பிரிவு திறக்காதது அதனால்தான். இந்தக் கணினிப் படிப்பு எனக்குச் சரிவருமா தெரியாது.

கொப்பியை மூடிவிட்டு நுஸ்ரத் இலக்கத்தைத் திருத்தினாள். மழையால் மாலை வகுப்பு இல்லை. சாய்ந்தமருது வீட்டின் முன்னறை அஸர் தொழுகை நேரத்துக்கே இருட்டிவிட்டது. அவளுடைய மூத்த சகோதரன் றிபாத் நானாவின் மடிக்கணினி இரைந்துகொண்டு எழும்பியது. போன மார்கழியில் கடலுக்குப் போன நானா திரும்பவில்லை, அடக்க மையித்தும் கிடைக்கவில்லை. அவருடைய போனும் அவரோடு போயிற்று. அதிலிருந்து முன்பே இறக்கி வைத்த குரல் பதிவுகள் மட்டும் இந்த இரண்டாம் பிரிவில் மிச்சம். விண்டோஸ் பழுதானதால், இரண்டாம் பிரிவைத் தொடாமல் முதற்பிரிவில் மட்டும் லினக்ஸ் போட்டிருந்தாள்.

"ஒருக்கா அவன்ட குரலக் கேட்டாப் போதும் புள்ள" என்று உம்மா தினமும் கேட்டாள்.

பிரிவு திறந்தது. நாற்பத்தொரு பதிவுகள். முதலாவதை ஓடவிட்டாள்.

"உம்மா, சோத்தப் போடுங்க, வந்துட்டன்."

குசினியில் சட்டி விழுந்தது. உம்மா ஓடிவந்து ஈரக் கையால் திரையைத் தடவித் தடவி அழுதாள்.

பிரதி எடுக்கும் முன், திறந்த பிரிவை ஒரு கட்டளையால் கழற்றி, பழுது உண்டா என்று சோதிக்க வேண்டும் என்பது வகுப்பில் படித்த ஒழுங்கு. எல்லாவற்றையும் மூடிவிட்டு அந்தக் கட்டளையைத் தட்டினாள். 'கழற்ற முடியாது: பாவனையில் உள்ளது' என்றது திரை. மறுபடி தட்டினாள். அதே வரி.

வகுப்பு ஆசிரியர் கிசோக்குக்குப் போன் எடுத்தாள். அவர் சிரித்தார். "ஆள் உள்ளுக்க இருக்கக்க கதவப் பூட்ட ஏலுமா, நுஸ்ரத்? நீங்கதான் எதையாவது திறந்துபோட்டு மறந்திருப்பீங்க. பாவிக்கிறது ஆரெண்டு கேட்டுப் பாருங்க."

கேட்டாள். திரையில் ஒரு பெயர்தான் வந்தது. றிபாத்.

இந்தப் புதிய லினக்ஸில் அவள் உண்டாக்கிய ஒரே பயனர் கணக்கு அவளுடையது.

பதிவுகள் இப்போது நாற்பத்திரண்டு. கடைசியின் அளவு அவள் பார்த்துக்கொண்டிருக்கவே கூடியது. ஓட்டில் கொட்டும் மழைக்கு அடியில், ஆழத் தண்ணீர் எதன் மீதோ மெதுவாக மோதி மோதி விலகுவது போல ஒரு சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. அதோடு, வெயில் காணாத வலையின் நாற்றம் அறைக்குள் பரவி அவள் தொண்டையில் உப்பாகப் படிந்தது.

"உம்மா. இஞ்ச கதைக்க ஒருத்தருமில்ல" என்றது நானாவின் குரல்.

உம்மா குனிந்து காதை மடிக்கணினியில் வைத்தாள். "நான் கதைக்கிறன் மனே."

"கதைக்காதீங்க உம்மா. அது நானா இல்ல."

"போகா அங்கால. நான் பெத்த புள்ளட குரல் எனக்குத் தெரியாதா?"

உம்மா கதைத்தாள். பக்கத்து வீட்டு றாபியாவின் மகளுக்குக் கலியாணம் முடிந்ததை. கொய்யா காய்த்ததை. அவனுடைய சட்டைகளை ஒருவருக்கும் கொடுக்காததை. ஒவ்வொரு சொல்லுக்கும் பதிவின் அளவு கூடியது. ஒவ்வொரு சொல்லும் உம்மாவின் வாயில் முந்தியதைவிடத் தாழ்ந்தது. கிசுகிசுப்பானது. பிறகு மூச்சு மட்டும்.

பிறகு அதுவும் இல்லை.

உம்மா நிமிர்ந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு சிரித்த முகம். நுஸ்ரத்தைப் பார்த்து வாயசைத்தாள்.

சத்தம் வரவில்லை.

ஒலிபெருக்கியில், தண்ணீருக்குள்ளிருந்து, உம்மாவின் குரல் கேட்டது: "அழாத புள்ள. லைட்டப் போடு."

அந்த நேரம் கரண்ட் மினுங்கத் தொடங்கியது. மடிக்கணினியின் பற்றரி செத்து எவ்வளவோ காலம்; கரண்ட் போனால் அந்தக் குரலும் போய்விடும். நுஸ்ரத் பாய்ந்து சார்ஜர் வயரைச் சுவர்ப் பிளக்கில் அழுத்திப் பிடித்தாள். மினுக்கம் நிற்கும்வரை பிடித்தாள். உம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

ஒரு கையை எடுக்காமலே மற்றக் கையால் கொப்பியைத் திறந்து எழுதினாள்:

நாளைய வேலை: கடை திறந்தவுடன் கல்முனைக்குப் போய், கரண்ட் போனாலும் மடிக்கணினி நிற்காமல் இருக்கப் பெரிய பற்றரி ஒன்று வாங்க வேண்டும்.