துக்கத்துக்கு நெருங்கிய நிரல்

அக்கா ஓய்வெடுக்கிறாள். திரை அப்படித்தான் சொல்கிறது. நான் இதைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது?

அந்த நினைப்பு வந்ததற்காகக் கூசி, ஜெசிந்தா மறுபடி திரையைப் பார்த்தாள். புதுக்கரைக் குடியிருப்பு, வீட்டு எண் 212, ஸ்டெல்லா, வயது நாற்பத்தெட்டு. ஓய்வு: பத்துக்கு ஒன்பது புள்ளி நான்கு.

கடல் ஏறிவந்து விழுங்கிய ஊர்களின் சனங்களைப் புதுக்கரையில் குடிவைத்திருந்தார்கள். எல்லோர் மணிக்கட்டிலும் உளக்காப்பு. நாடி, பேச்சு, எழுந்து நடந்த தூரம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, அது மனத்தை எண்களாக்கித் தினமும் அட்டவணையில் ஏற்றும். ஆளுக்கு ஒரு வரிசை. அச்சம், பசி, ஓய்வு, துக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து கீழாக ஒரு நிரல். இப்படி முப்பது குடியிருப்புகளின் அட்டவணைகள் தூத்துக்குடி அறிக்கையகத்துக்கு வரும். அறிக்கையைப் பார்த்துத்தான் அரசு எந்த ஊருக்கும் ஆள் அனுப்பும், அனுப்பிய ஆளைத் திரும்ப எடுக்கும்.

அட்டவணைகள் சொன்னபடி வந்ததே இல்லை. பெயருக்குப் பக்கத்தில் தொலைபேசி எண் இருந்தால் வசதி என்று ஏதோ ஓர் ஊர் எழுத்தர் நடுவில் ஒரு நிரலைச் செருகிவிடுவார். எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போய், ஊர் முழுக்கத் தொலைபேசி எண்ணே வயதாகிவிடும். முன்பெல்லாம் அப்படி வந்தால் அட்டவணை ஏற்றம் நின்றுபோகும். ஜெசிந்தா அந்த ஊரைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, இன்னைக்கு எதை எங்க தூக்கி வச்சீங்க?" என்று கேட்பாள். நான்கு வருஷம் கேட்டாள். பிறகு உட்கார்ந்து பொருத்தி என்ற மென்பொருளை எழுதினாள்.

பொருத்தி தலைப்புகளை நம்பாது. எண்களின் போக்கைப் பார்க்கும். இடமில்லாத நிரல் ஒன்று வந்தால், அதற்கு மிக நெருங்கிய நிரலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதன்பின் ஏற்றம் ஒருநாளும் நிற்கவில்லை. யாரும் யாரையும் கூப்பிடவும் இல்லை.

இந்த வருஷப் படிவத்தில் துக்கத்தை எடுத்துவிட்டார்கள். வேறு மாநிலங்கள் அதை அளப்பதில்லை, ஒப்பிட வழியில்லை என்பது காரணம். ஆனால் புதுக்கரையின் பழைய காப்புகள் அதை அனுப்பிக்கொண்டே இருந்தன. பொருத்தி தேடிப் பார்த்தது. அசையாமல் படுத்திருத்தல், பேச்சின்மை, மெதுவான நாடி. மிக நெருங்கியது ஓய்வு.

மதியம் அக்காவைக் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டியாக்கா?"

"எலிசா வந்து நிக்கா. அவளுக்காவ ரெண்டு வாய்."

எலிசா, அரசு நியமித்த ஆற்றுநர். சாவு விழுந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்திருப்பதே அவள் வேலை. ஸ்டெல்லாவின் மகளைக் கடல் கொண்டுபோனதிலிருந்து தினமும் வருகிறாள்.

"அவ ஒருநாள் வரலன்னா?"

"கதவத் திறக்கணுமேன்னுதான் எந்திரிக்கேன், ஜெசி."

மூன்று மணிக்குக் கண்காணிப்பாளர் வனராஜ் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார்.

"ஓய்வுல புதுக்கரைதாம்மா மாநிலத்துலயே முதலிடம். இவ்வளவு நாளும் அந்தப் பெருமை இந்த ஆபீஸுக்குத்தான்னு நெனச்சிட்டிருந்தேன்." அவரே சிரித்துக்கொண்டார். "ஆற்றுநர் ஒன்பது பேரையும் அடுத்த வாரம் திரும்ப எடுக்காங்க. நீங்க இந்தப் பொருத்தம் சரின்னு கைரேகை வச்சா அறிக்கை கிளம்பிரும்."

"சார், அது ஓய்வு இல்ல. துக்கம்."

"எனக்குத் தெரியாதா? படிவத்துல அதுக்கு எடம் இல்லயே. எடமில்லாதத எங்க வைக்க?"

"ஏற்றத்தை நிறுத்திட்டுக் கேக்கலாம்."

"நிறுத்துறதுக்கு வழி எங்க இருக்கு? நீங்கதான அடைச்சீங்க. அதுக்கு விருது வாங்கின போட்டோ கீழ தொங்குது, போகும்போது பாத்துட்டுப் போங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வேலை அலுத்துத்தான் பொருத்தியை எழுதினேன் என்று இதுவரை நம்பியிருந்தாள். ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்புகளில் எழுத்தர்கள் நிரலைப் பற்றி மட்டுமா பேசினார்கள்? பதினேழாம் வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை என்றார்கள். ஒரு கிழவர் தினமும் வந்து பழைய ஊருக்கு பஸ் கேட்கிறார் என்றார்கள். கேட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன வேண்டியிருந்தது. அந்தக் குரல்கள் நிற்க வேண்டும் என்றுதான் எழுதினாளோ. நின்றுவிட்டன. அன்று அவள் சாத்திய அதே கதவுதான் இப்போது அக்காவின் முகத்திலும் சாத்தப்படுகிறது.

வனராஜ் ரேகைத் தட்டை அவள் பக்கம் தள்ளினார். அது பச்சையாக ஒளிர்ந்தது.

"ஒரு விரல்தானம்மா."

அவள் அசையவில்லை.

"வைக்காட்டியும் ஒண்ணும் ஆவாது," அவர் குரல் கனிவாகத்தான் இருந்தது. "உங்க ஒப்புதல் நிரல் காலியா இருந்தா, பொருத்தி பழசைப் பாத்து அதையும் நிரப்பிரும். லீவு போட்டா அறிக்கை நிக்கக் கூடாதுன்னு நீங்க எழுதின விதி. இதுவரை நாப்பத்தோரு தடவை சரின்னு வச்சிருக்கீங்க. இதையும் சரின்னே போட்டுக்கும். ஊருக்கும் உதவாத வீம்பு எதுக்கு?"

அவளுக்குத் தெரியும். அந்த விதியை எழுதி முடித்த மாலையில், பெரிய நிம்மதியோடு காபி குடித்ததுகூட நினைவிருந்தது.

கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது போட்டுக்கட்டும் சார்," என்றாள். "நான் வைக்கல."