மச்சான் அழைத்த விருந்தாளி

மச்சான் மொரோக்கோவுக்குப் போனதே, போனதை நாங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

சிட்னியின் பென்டில் ஹில்லில் மாலை ஆறு மணி. குளிர்காலம் என்பதால் வெளியே நன்றாக இருட்டிவிட்டது. அங்கே ஃபெஸ் நகரத்தில் காலை ஒன்பது. மச்சானின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைக் கிரானி ஃபிளாட்டில், என் கட்டிலில் போர்வைக்குள் உட்கார்ந்து, தொலைபேசித் திரையில் அவருடைய மூக்குத் துவாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியைக் குச்சியில் மாட்டிக்கொண்டு அவர் ஒரு பழைய கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஃபேமிலி! இன்டைக்கி எங்களுக்கு பிரைவேட் டூர். அரை நாள். எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தனி கைட். மத்தவங்க மாதிரி கூட்டத்தோட கூட்டமா நாங்க போறதில்ல."

குடும்பக் குழுவில் ஏழு பேர் சேர்ந்தார்கள். பத்து நிமிடத்தில் ஆறு பேர் நழுவிவிட்டார்கள். நான் நழுவ முடியாது. அவர் வீட்டில் இருப்பவள்.

மச்சானின் பெயர் ஜலால்தீன். வீடு விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட். பலகைகளில் 'ஜே' என்று போட்டுக்கொள்வார், உம்மா வாப்பா வைத்த பெயர் வெள்ளைக்காரனின் நாக்குக்குப் பாரமாம். அவர் கட்டியிருப்பதும், இப்போது அவரோடு ஃபெஸ்ஸில் நடந்துகொண்டிருப்பதும் என் ராத்தா, என் மூத்த அக்கா. என் புருஷன் மௌத்தான பிறகு அவள்தான் என்னை இலங்கை அக்குறணையிலிருந்து இங்கே கூப்பிட்டுக்கொண்டாள். நான்கு வருடமாக அந்த வீட்டுச் சமையல் என் கையில். மச்சான் என்னை யாருக்கும் அறிமுகம் செய்துவைத்ததில்லை. யாராவது கேட்டால், "பின்னுக்கு இருக்கிற ஆள்" என்பார். எனக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒற்றை அறையும் ராத்தாவும்தான்.

கேமராவை மூடி, மைக்கையும் அணைத்து வைத்திருந்தேன். "மாஷா அல்லாஹ், எவ்வளவு அழகு" என்று நொடிக்கொரு தரம் சொல்லும் வேலையிலிருந்து தப்ப அது ஒன்றுதான் வழி. இடைக்கிடை ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினால் மச்சானுக்குப் போதும்.

வழிகாட்டியின் பெயர் இத்ரீஸ். அறுபது வயதிருக்கும். சாம்பல் நிற நீள அங்கி, மெல்லிய ஆங்கிலம். பாவம், அந்த மனிதரை ஒரு வாக்கியம் முடிக்க விடவில்லை மச்சான். அவர் ஆயிரம் வருடத்துக் கதையைத் தொடங்கினால் இவர் ப்ளாக்டவுனில் தான் விற்ற வீட்டுக்குப் போய்விடுவார். தோல் பதனிடும் இடத்தில் மூக்கில் பிடித்துக்கொள்ள இத்ரீஸ் புதினாக் கொத்து கொடுத்தார். மச்சான் அதை வாங்காமல் வீராப்பாக நின்று, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அங்கே பதினொரு மணிபோல, ஆள் அகலமே உள்ள ஒரு சந்தில், பூட்டிக் கிடந்த பெரிய மரக்கதவின் முன்னால் மச்சான் நின்றார்.

"இது யாருடைய வீடு? உள்ளே பார்க்கணும்."

"இது நம் பட்டியலில் இல்லை, ஐயா. நெடுநாளாக ஆள் இல்லாத வீடு. சாவி என் உறவுக்காரரிடம் இருக்கிறது. ஆனால்..."

"நான் புரொப்பர்ட்டி ஆள். பிரைவேட் டூர் என்றால் நான் கேட்டதைக் காட்டணும்."

சாவி வந்தது. கதவு திறந்தது. இத்ரீஸ் உள்ளே காலெடுத்து வைக்காமல், இருட்டைப் பார்த்து ஸலாம் சொன்னார். கொஞ்ச நேரம் காத்து நின்றார். அதன் பிறகுதான் உள்ளே போனார். ஆள் இல்லாத வீட்டுக்குள் ஸலாம் சொல்லி நுழைவது எங்களுக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் அவர் காத்து நின்றது பதிலுக்காக என்று எனக்குத் தோன்றியது.

மச்சான் சிரித்துக்கொண்டே அவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்.

நடுவில் முற்றம். வற்றிப்போன நீர்த்தொட்டி. சுற்றிலும் உயரமான சுவர்கள், வெயில் பாதியிலேயே நின்றுவிட்டது. ஓரத்து அறையில், தாழ்ந்த ஓர் ஆசனத்தில், வெள்ளைத் துணியால் தலையையும் உடலையும் போர்த்திக்கொண்டு ஒரு கிழவி குனிந்து உட்கார்ந்திருந்தாள். காவலுக்கு இருப்பவள் போலும் என்று நினைத்தேன். மச்சான் அவளைத் தாண்டிப் போனார், ஒரு ஸலாம்கூட இல்லை. இவருக்கு எங்கே மரியாதை தெரியப்போகிறது என்று எண்ணிக்கொண்டேன். ராத்தாவும் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போனதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மச்சான் சுவரைத் தட்டினார். தரையை மிதித்துப் பார்த்தார். சனிக்கிழமைகளில் வீடு காட்டும் அதே குரல் வந்தது.

"சுவரெல்லாம் ஈரம். லைட் இல்ல, பார்க்கிங் இல்ல. இத இடிச்சிப்போட்டு ரெண்டு வீடு கட்டலாம்." பிறகு முற்றத்தின் நடுவில் கைகளை விரித்து, எனக்காக ஒரு நாடகம் போட்டார். "வீட்டுக்காரங்களே! ஏன் இந்தக் குழிக்குள்ள கிடக்கிறீங்க? சிட்னிக்கி வாங்க! பென்டில் ஹில்ல எங்கட வீட்டுக்குப் பின்னால கிரானி ஃபிளாட் சும்மா கிடக்குது. ஆள் இல்ல. வந்து இருந்துக்கோங்க!"

நம்மவர்கள் யாரைக் கண்டாலும் வீட்டுக்கு வாங்க என்பார்கள். வந்துவிடுவார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. அது எனக்கு உறைக்கவில்லை. 'ஆள் இல்ல' என்றாரே, அது உறைத்தது. நான் அந்த ஃபிளாட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தே சொன்னார்.

அப்போது கிழவி தலையை நிமிர்த்தினாள்.

மச்சானைப் பார்க்கவில்லை. தொலைபேசியைப் பார்த்தாள். திரைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

குச்சி ஒருமுறை சுற்றித் திரும்பியது. ஆசனத்தில் யாரும் இல்லை.

"என்ன சொன்னார்?" இத்ரீஸின் குரல் மாறியிருந்தது. ராத்தா தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாசலைத் தாண்டுமுன் அந்த அழைப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லை என்று சொல்லுங்கள்."

"டூரிஸ்டைப் பயமுறுத்துற வேலை. ரிவ்யூவில் எழுதிவிடுவேன்."

"என் தங்கச்சி அங்கே இருக்கிறாள்," என்றாள் ராத்தா. "இப்பவும் லைன்ல இருக்கிறாள்."

இத்ரீஸ் குச்சியைப் பறித்தார். வியர்த்த முகம் திரை முழுவதும் நிறைந்தது. "மகளே, அங்கே இருக்கிறாயா? ஒரு வார்த்தை பேசு. அங்கே ஆள் இருக்கிறது என்று இந்த வீட்டுக்குக் கேட்கட்டும்."

"ரிஃப்கா," ராத்தா கெஞ்சினாள், "நான் ஈக்கிறன் எண்டு ஒரு சொல்லு சொல்லு புள்ள."

என் விரல் மைக் பொத்தானுக்கு மேலே நின்றது.

பின்னால் மச்சானின் சிரிப்பு. "அவ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு ஈப்பா. விடுங்க."

ஆள் இல்லை என்றாரே, ஆள் இல்லாமலே இருக்கட்டும். நாலு வருடச் சோற்றையும் தின்றுவிட்டு என்னை இல்லை என்றவருக்காக நான் எதற்கு வாய் திறக்க வேண்டும்? அவர் கெஞ்சட்டும் என்று நினைத்தேன். தொலைபேசியைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தேன்.

மறுபடி எடுத்தபோது அவர்கள் வெயில் அடிக்கும் சந்தில் நின்றிருந்தார்கள். டூர் ஒரு மணி வரை இருக்க வேண்டியது. இத்ரீஸ் பன்னிரண்டுக்கே முடித்துக்கொண்டு போய்விட்டதாக மச்சான் மூன்று நாள் புலம்பினார்.

அவர்கள் திரும்பி வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

முதலில் வந்தது வாடை. பச்சைத் தோல், சுண்ணாம்பு, புறா எச்சம் எல்லாம் கலந்த வாடை. மச்சான் சல்லிசாகக் கிடைத்த ஆளை வைத்துப் போட்ட கழிவுக் குழாய், வேறென்ன வரும் என்று திட்டிக்கொண்டே பினாயில் ஊற்றினேன். அடுத்த நாள் அறையின் நடுவில் தண்ணீர் சொட்டும் சத்தம். எந்தக் குழாயிலும் சொட்டவில்லை. தரை காய்ந்திருந்தது. ஆனால் அறை நடுவில் ஒரு தொட்டி இருப்பதுபோலவே சத்தம் சுற்றிச் சுற்றி எழுந்தது.

ஜன்னலோரம் உட்கார ஒரு கதிரை உண்டு. என் உடுப்புகளை அதன் மேல்தான் போடுவேன். பெரிய வீட்டில் வேலை முடிந்து வந்தால் உடுப்புகள் கட்டிலில் கிடக்கும். நான்தான் மறதியில் மாற்றிப் போட்டிருப்பேன் என்று இரண்டு நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் கதிரையைத் தொட்டுப் பார்த்தேன்.

இளஞ்சூடாக இருந்தது.

அன்றிலிருந்து அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

மச்சான் வந்ததும் வராததுமாகச் சொன்னார். "ரிஃப்கா, கிரானி ஃபிளாட்ட வாடகைக்கி விடப்போறன். நீங்க கராஜுக்குப் பக்கத்து ரூமுக்கு வாங்க." கராஜுக்குப் பக்கத்தில் இருப்பது ரூம் அல்ல, துணி துவைக்கும் இடம். முடியாது என்றேன். ராத்தா தலையைக் குனிந்துகொண்டாள். கட்டின நாளிலிருந்து அவள் செய்வது அதைத்தான். வாடையைப் பற்றிச் சொன்னேன். கதிரையைப் பற்றியும் சொன்னேன்.

"இது போறதுக்கு மனமில்லாமச் சொல்ற கதை," என்றார் மச்சான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆட்களைக் கூட்டி வந்தார். தமிழ்நாட்டுக்காரர்கள், செந்தில்நாதன், ப்ரீத்தி என்று இளம் தம்பதி. ஐடி வேலைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறதாம். மச்சான் வாசலிலேயே நின்று யாருடனோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் அறையை விட்டு நகர்வதில்லை என்ற முடிவோடு கட்டிலில் உட்கார்ந்து, துவைத்த துணிகளை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

"வாங்க," என்றேன்.

ப்ரீத்தி வாசற்படியில் தயங்கினாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"சாரிங்க. தூங்கிட்டிருந்தீங்களா? ரெண்டே நிமிஷம், பார்த்துட்டுப் போயிடுறோம்."

"நான் இங்க ஈக்கிறன்," என்றேன்.

அவள் கதிரையைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தாள். செந்தில்நாதன் அளவு நாடாவை எடுத்து அறையின் அகலத்தை அளந்தார். நாடா என் முழங்கால்களுக்கு மேலாக இழுபட்டது. அதன் இரும்பு நுனி என் தொடையை அழுத்தியது. குளிர்ந்த இரும்பு. அவர் குனிந்து எண்ணைப் படித்தபோது அவருடைய மூச்சு என் முகத்தில் பட்டது.

அவர் கண்கள் என்மேல் ஒரு கணமும் நிற்கவில்லை.

வெளியே போய் அவர்கள் பேசியது தெளிவாகக் கேட்டது.

"ரூம் ஓகே சார். அந்தம்மா எப்போ போவாங்க?"

"அது வைஃபட தங்கச்சி. கட்டில்ல ஈக்கிறாவே, அவதான். கெதியா போயிடுவா."

"கட்டில்ல யாரும் இல்லையே சார். ஜன்னல் பக்கத்துல, வெள்ளைத் துணி போர்த்திக்கிட்டு, ரொம்ப வயசானவங்க..."

மச்சான் வந்து கதவருகே நின்றார். நான் எழுந்து நின்று, "மச்சான்!" என்று கத்தினேன். அவர் பார்வை என்னைக் கடந்து போய்க் கதிரையில் நின்றது. தொப்பி இல்லாத தலையைக் கையால் தடவிக்கொண்டு, பெரிய மனிதர்கள் முன்னால் போல, பின்னால் நடந்தே வெளியேறி, கதவை மெதுவாகச் சாத்தினார்.

இவருக்குக்கூட மரியாதை தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிற்பகல் அஸர் தொழுத பிறகு ராத்தா வந்தாள். அவள் என்னைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்கு நான் தெரியாமல் போக முடியாது என்று உட்கார்ந்திருந்தேன். கையில் பிளேன்டீ, ஒரே ஒரு கோப்பை. கண் வீங்கியிருந்தது. கோப்பையை ஜன்னலோரத்தில் வைத்துவிட்டு, என் பக்கம் வந்து, ஒரு கறுப்புக் குப்பைப் பையை விரித்தாள். என் மடியிலிருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அதற்குள் போடத் தொடங்கினாள். கடைசிச் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். அவள் இழுக்கவே இல்லை. அது தானாக அவள் கைக்குப் போய்விட்டது.

"ராத்தா, நான் ஈக்கிறன்!" தொண்டை கிழியக் கத்தினேன். "இஞ்ச ஈக்கிறன் ராத்தா!"

அவள் கை நின்றது. நிமிர்ந்தாள். ஏதோ கேட்டதுபோல் காதைத் திருப்பினாள்.

பிறகு கதிரையின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"என்ன சொன்னீங்க உம்மா? சீனி போதாதா?"