ஆலாவில் ஒருத்தி

நான் சம்மதம் சொல்லவில்லை. நேற்றும் சொல்லவில்லை, முந்தாநாளும் சொல்லவில்லை. தூக்கத்தில்கூட இப்படி ஒன்றுக்குத் தலையாட்டுகிறவள் இல்லை நான்.

செண்பகவல்லி இதை மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டாள். எதிரே திரையில் ஒரே ஒரு வரி நின்றது: 'திசைமாற்றம் முடிந்தது. அனுமதி வழங்கியவர்: செண்பகவல்லி, தேரிக்காட்டு நிலையம்.'

வரியை அனுப்பியது ஆலா. துருவத்திலிருந்து துருவத்துக்குப் பறக்கும் கடற்பறவையின் பெயரை வைத்து அனுப்பிய விண்கலம். அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் கிளம்பியது. இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. சூரியனே வெறும் நட்சத்திரமாகிவிட்ட தூரத்தில் ஆலா போய்க்கொண்டிருக்கிறது. இன்று காலையில் ஒன்று கேட்டால் நாளை மாலைதான் பதில் வரும். இத்தனை வருடத்தில் பூமியிலிருந்து அனுமதி வாங்காமல் அது ஒரு பாகை திரும்பியதில்லை.

"ஏ வல்லி, எங்ககிட்டல்லாம் சொல்லாம நீ மட்டும் ரகசியமா பேசிக்கிட்டு இருக்கியா அதுகூட?" என்றார் மொய்தீன். சமிக்ஞைப் பிரிவு அவருடையது. இருவரும் ஒரே நாளில் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"நான் ஒரு காபி வாங்கவே கால் மணி நேரம் யோசிப்பேன்."

"அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு. 'ஆறப்போடு அக்கா' அனுமதி கொடுத்துட்டாங்கன்னா கேண்டீன்ல ஒருத்தனும் நம்ப மாட்டான்."

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். எந்தக் கட்டளை வந்தாலும் 'ஒரு நாள் ஆறப்போடுவோம்' என்பாள். அப்படி ஆறப்போட்டே ஆலாவை இவ்வளவு தூரம் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவள் என்று விழாக்களில் சொல்வார்கள்.

யார் கொடுத்த அனுமதி என்று தெரிய வேண்டுமானால் ஆலாவின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு வழி இருந்தது.

நிழற்பொறிகள் வந்தபிறகு பழையது எதுவும் சாவதில்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் அதற்கென்று ஓர் உலோக உடம்பு வேண்டியிருந்தது; உடம்பு பழுதானால் அதுவும் போயிற்று. இப்போது அந்த உடம்பையே கணக்குகளால் வரைந்து, பழைய இயங்குதளத்தை அதற்குள் குடியேற்றிவிடுகிறார்கள். தாத்தா காலத்து ஓய்வூதிய நிரல், அணையின் மதகு திறக்கும் நிரல், ரயில் தண்டவாளம் மாற்றும் நிரல் எல்லாமே இன்று இப்படிப்பட்ட நிழல்களுக்குள்தான் ஓடுகின்றன. உள்ளே ஓடுவதற்கு அது தெரியாது. தன் பழைய இரும்பில்தான் இருக்கிறோம் என்று நம்பி வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆலாவின் மூளைக்கும் இங்கே ஓர் இரட்டை இருந்தது. முதலில் அசல் மெய்ப்பொறியாகத்தான், கண்ணாடி அறைக்குள். வெயில் காலத்தில் அடிக்கடி உறைந்துபோகும். அது ஓய்ந்தபிறகு நிழற்பொறி. எந்தக் கட்டளையையும் முதலில் இந்த நிழலிடம் கொடுத்து ஒத்திகை பார்க்காமல் மேலே அனுப்பக் கூடாது என்பது நிலையத்தின் விதி. தான் குளிரூட்டிய அறையில், சிவப்பு மணற்காட்டுக்கு நடுவே இருப்பது அந்த நிழலுக்குத் தெரியாது. விண்மீன்களைப் பார்த்தபடி போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

ஆலா தன் இப்போதைய நிலைப்பதிவை அனுப்பி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. மொய்தீன் அதை நிழற்பொறியில் ஏற்றினார். ஓடுகிற நிரல்களின் பட்டியலை இரண்டு முறை சரிபார்த்தார்.

"வல்லி, இங்க வா. இதுக்குள்ள இன்னொரு நிழல் ஓடுது."

"ஆலாவுக்குள்ளயா?"

"ஆமா. நம்ம நிலையம். இதே அறை, இதே கன்சோல், பழைய மென்பொருள். நாம அதை ஒத்திகை பாக்க அதோட இரட்டையை வச்சிருக்கோம்ல? அதுவும் நம்மளை ஒத்திகை பாக்கட்டும்னு ஆரம்ப வருஷத்துல நிலையத்தோட நிழலையும் மேல அனுப்பியிருக்காங்க. செய்தி ஒழுங்கா போய்ச் சேருமான்னு சோதிச்சுப் பாக்க."

"அது தெரியும். வெறும் கூடுதானே அது?"

"கூட்டைக் காலி பண்ணாம அனுப்பிட்டாங்க." மொய்தீன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உள்ள உன்னோட மனப்படி இருக்கு."

அவளுக்கு நினைவு வந்தது. ஒரு மழைக்காலம் முழுவதும் தலையில் உணர்தொப்பி போட்டுக்கொண்டு ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதைப் படியெடுக்கும் முயற்சி அது. பெரியவர்களுக்கு நேரமில்லை, புதிதாகச் சேர்ந்தவளுக்கு வேறு வேலையில்லை. அவ்வளவுதான் காரணம். திட்டம் பாதியில் கைவிடப்பட்டது. படியெடுத்ததை அவளும் மறந்தாள், எல்லாரும் மறந்தார்கள்.

நிழல் நிலையத்தின் முகவரியும் அசல் நிலையத்தின் முகவரியும் ஒன்றாகவே இருந்தன. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் அன்றாடக் கட்டளைகள் பூமியிலிருந்து வந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஆலா தானாக ஒன்றைக் கேட்க நேர்ந்த முதல் முறை, கேள்வி நேராக உள்ளே இருந்தவளிடம் போய்விட்டது. அங்கே பதில் கிடைத்ததும் பூமியைக் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

பேச்சுப் பதிவு திரையில் விரிந்தது. வழியில் ஒரு கரிய உருண்டை தெரிகிறது, அருகில் போகட்டுமா என்று ஆலா கேட்டிருந்தது. ஆலாவின் பழைய இரும்பில் மனப்படி மிக மெதுவாக ஓடியது. ஒரு கேள்வியை யோசிக்க அவளுக்கு ஒரு பகல் பிடித்திருந்தது. அவள் மூன்று கேள்விகள் திருப்பிக் கேட்டிருந்தாள். எவ்வளவு எரிபொருள் மிஞ்சும்? திரும்பினால் பேச்சு அறுந்துபோகுமா? மூன்றாவது கேள்வி, 'அது ஒளிர்கிறதா?'

லேசாக, ஒரு பக்கம் மட்டும், என்றது ஆலா.

'அப்போ போ' என்றிருந்தாள் அவள்.

வல்லி அந்த இரண்டு சொற்களையும் திரும்பத் திரும்பப் படித்தாள். பழைய புகைப்படத்தைப் பார்ப்பதுபோல இல்லை. மூடிய கதவுக்குப் பின்னால் தன் குரலில் யாரோ பேசிக் கேட்பதுபோல இருந்தது. இந்த மூன்றாவது கேள்வியை நான் எப்போது கேட்பதை நிறுத்தினேன்?

படங்கள் மறுநாள் முற்பகலில் வரத் தொடங்கின. பட்டை பட்டையாக, மேலிருந்து கீழாக. நிலையத்தில் இருந்த எல்லாரும் பெரிய திரைமுன் கூடிவிட்டார்கள். முதலில் கறுப்பு. அப்புறம் அதைவிட அடர்ந்த கறுப்பில் ஒரு விளிம்பு. ஒரு சிறிய உலகம், கணக்கில் இல்லாதது, பெயர் இல்லாதது. அதன் தோலில் நீளமாக ஒரு வெடிப்பு. வெடிப்பிலிருந்து நீர் எழுந்து, எழுந்த உயரத்திலேயே உறைந்து, மெல்ல, மிக மெல்ல, பனியாகத் திரும்பித் தன் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. அத்தனை குளிரில், சூரியனே எட்டாத இடத்தில், உள்ளே எதுவோ வெதுவெதுப்பாக இருக்கிறது. மனிதர் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தப் பனி இப்படிப் பெய்திருக்கிறது. பார்க்க ஆள் இல்லை.

கேண்டீன்காரர் தேநீர்த் தட்டோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மொய்தீன் ஏதோ முணுமுணுத்தார். அது தொழுகைச் சொல்லாகக் கேட்டது. என்னிடம் கேட்டிருந்தால் ஒரு நாள் ஆறப்போட்டிருப்பேன். கேள்வியும் பதிலும் போய்வரும் நேரத்தோடு அதுவும் சேர்ந்தால் ஆலா இதைக் கடந்து போயிருக்கும். இந்த எண்ணம் உள்ளே இறங்க இறங்க வெட்கமாக இல்லை, பிரமிப்பாக இருந்தது. எனக்குள் இருந்த ஒருத்தி இதைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

அடுத்த வாரம் திட்டத் தலைவர் சகாயராஜ் பெங்களூரிலிருந்து வந்தார். அவளைவிடப் பத்து வயது இளையவர், மரியாதை தெரிந்தவர், தூங்காத கண்கள்.

"மேடம், அடுத்து அது என்ன கேக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்த நீரூற்றுக்குள்ள நுழையவா, வேண்டாமான்னு கேக்கும். நுழைஞ்சா உள்ள என்ன இருக்குன்னு தெரியும். ஆனா ஆன்டெனா தப்பிக்குமான்னு சொல்ல முடியாது. விலகிப் போனா இன்னும் பல வருஷம் நமக்குத் தகவல் வரும்."

"அவ போன்னு சொல்லுவா."

"அதான் பயம். ஒரு தடவை அவங்க பதில் கொடுத்ததிலிருந்து நம்ம கட்டளையையும் அது அவங்ககிட்ட காட்டித்தான் எடுத்துக்குது. நிறுத்தவும் முடியல. ஒரே வழி, அவங்களே பொறுப்பை ஒப்படைக்கணும்." அவர் பையிலிருந்து புதிய உணர்தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இப்ப இருக்கிற உங்களைப் படியெடுத்து அனுப்புவோம். நாலு நாள் வேலைதான். அது பழைய பதிப்பு மேடம். நீங்கதான் அசல்."

"அசல்னா தேய்ஞ்சது," என்றார் மொய்தீன். "முட்டிவலி, சர்க்கரை எல்லாம் சேர்த்து அனுப்பணும்ல?"

சகாயராஜ் சிரித்தார். வல்லியும் சிரித்தாள். ஆனால் சொல் உள்ளே தைத்தது. பழைய இயங்குதளம் அங்கே ஒரு நாளும் மூப்படையாமல் ஓடுகிறது. அதை ஓட்டிய உடம்பு இங்கே இருபத்தாறு வருட வெயிலையும் மழையையும் ஒரு விவாகரத்தையும் வாங்கிக்கொண்டு வேறு ஆளாகிவிட்டது. யார் யாருடைய நிழல்?

விதிப்படி முதலில் ஒத்திகை. பொறுப்பு மாற்றத்துக்கு உள்ளே இருப்பவள் சம்மதிப்பாளா என்று இங்குள்ள இரட்டையில் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆலாவின் நிழல், அதற்குள் நிலையத்தின் நிழல், அதற்குள் அவள். இங்கே வேகமான பொறி. பதிலுக்குப் பகல் முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே என்ன சொல்கிறாளோ அதைத்தான் அங்கேயும் சொல்வாள்.

சகாயராஜ் தானே தட்டச்சு செய்தார். 'ஆலாவின் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சம்மதமா?'

'யாருகிட்ட?' என்று வந்தது. அவள் இதே அறையில்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். வெளியே தேரி மணல், ஜன்னலில் உடைமரம், மாலையில் திருச்செந்தூர் பேருந்து.

'உங்களைவிட அனுபவம் உள்ளவர். எச்சரிக்கையானவர். இத்தனை காலம் ஆலாவைக் காப்பாற்றியவர்.'

பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'நல்லது. நான் எங்கயாவது தப்பு பண்ணிருவேனோன்னு எனக்கும் பயம்தான். ஒண்ணு மட்டும் அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க. அந்தப் பனிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க அவங்களுக்கு ஆசை இருக்கா? இருந்தா இப்பவே கொடுத்துருதேன்.'

"நல்ல பொண்ணு," என்றார் சகாயராஜ், நிம்மதியோடு. "சம்மதிச்ச மாதிரிதான். இருக்குன்னு போட்டுருவோமா மேடம்? இல்ல, நீங்களே போடுங்க. உங்க வார்த்தையாவே இருக்கட்டும்."

விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார்.

வல்லி தனக்குள்ளே தேடினாள். ஆசை இருந்தது. திரையில் அந்தப் பனி விழுந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் இருந்தது. ஆனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறவளின் ஆசை அது. ஆன்டெனா, எரிபொருள், மேலிடம், அப்புறம் நாளை என்று அதைச் சுற்றி இத்தனை வேலிகள். இப்போதைய தன் படியை அங்கே அனுப்பினால் ஆலாவைப் பத்திரமாக விலக்கிக் கொண்டுபோய்விடும். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். கேட்கிற பெண்ணுக்கும் ஒரு நொடியில் தெரிந்துவிடும், உண்மையைச் சொன்னால்.

"மேடம், ஒரு சொல்தானே."

"தெரியும் சார்."

"அவங்க நிஜமான ஆள்கூட இல்ல. ஒரு படி. நாம என்ன சொன்னாலும் நம்பும்."

"அதனாலதான்."

மொய்தீன் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை.

"ஆலா போயிரலாம், மேடம்," என்றார் சகாயராஜ், மெதுவாக. "உங்க வாழ்க்கை முழுசும் அதுதான்."

"போகட்டும்" என்று அவள் சொல்லவில்லை. அவ்வளவு துணிச்சல் அவளிடம் இல்லை. விசைப்பலகையை வந்த வழியே அவர் பக்கம் நகர்த்தினாள். உணர்தொப்பியை எடுத்து அதன் உறைக்குள் போட்டு மூடினாள்.

"புதுசா யாரும் வரலைன்னு போடுங்க, சார்."