வாளிக்குள் தக்காளி

தொழிலாளர் தின விடுமுறைக்கு வகுப்புத் தக்காளி நாற்றுகளை யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்று மிஸ் கேட்டதும் எல்லாரும் கை தூக்கினார்கள். அவர் மெரேயைத் தேர்ந்தெடுத்தார்.

“அவ இந்த ஊருக்கு வந்தே ஒரு மாசம்தான் ஆகுது மிஸ்!” என்றான் டூகல்.

“அதனாலதான்,” என்றார் மிஸ்.

பதினாறு நாற்றுகள், ஆளுக்கு ஒன்று. செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த குவளைகளில், பெயர் எழுதிய குச்சியோடு நின்றன. பின்னால் வந்து சேர்ந்த மெரேயின் நாற்றுதான் இருப்பதிலேயே குட்டி.

திங்கட்கிழமை காலை வெயில் பளிச்சென்று அடித்தது. மெரேயின் அப்பா வானத்தைப் பார்த்துக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

“அக்டோபர் கடைசி, லேபர் டே. நம்ம நாட்டுல குளிர்காலம் முடிஞ்சு வசந்தம் வந்தாச்சு. நம்ம பழைய ஊர் நேப்பியர்ல இந்நேரம் எல்லார் வீட்டுலயும் தக்காளி மண்ணுக்குள்ள போயிருக்கும். நாமளும் நட்டுடலாமா கண்ணு?”

மெரேக்கு அதைவிட நல்ல யோசனை இருப்பதாகத் தெரியவில்லை. நாளைக்கு வகுப்பில் எல்லாரும் அசந்துபோவார்கள்! இருவரும் தோட்டத்தில் வரிசையாகக் குழி பறித்து, பதினாறு நாற்றுகளையும் நட்டு, தண்ணீரும் ஊற்றினார்கள்.

மதியம் டூகல் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தான். வேலியோரம் பிரேக் பிடித்தவன் வாயைத் திறந்தபடி நின்றான்.

“ஏய்! என்ன பண்ணி வெச்சிருக்க?”

“நட்டுட்டேன். லேபர் டே இல்ல?”

“அது உங்க கடற்கரை ஊருக்கு! இங்க லேபர் டேக்கு லீவு விடுவாங்க, தக்காளியை வெளியே விட மாட்டாங்க. அங்க பாரு, மலை மேல இன்னும் பனி வெள்ளையா இருக்கு. அது போற வரைக்கும் செடியெல்லாம் வீட்டுக்குள்ளதான்.”

“இவ்வளவு நல்லா வெயில் அடிக்குதே!”

“மேகமே இல்ல, காத்தும் இல்ல. அதான் பயமே. இன்னிக்கு ராத்திரி உறைபனி வரும். காலையில எல்லாம் கருகிப்போய்க் கிடக்கும்.”

 மெரே ஓடிப்போய்த் தன் நாற்றைத் தோண்டிப் பார்த்தாள். நனைந்த காகிதக் குவளை கையோடு கிழிந்து வந்தது, தண்டு வளைந்தது. பயந்துபோய் மறுபடியும் மண்ணை அணைத்துவிட்டாள்.

“பிடுங்கவும் முடியாது,” என்றாள்.

“போர்வையை எடுத்துப் போர்த்திடலாமா?” என்றார் அப்பா. நேப்பியரைப் பற்றி அவர் இப்போது பேசவே இல்லை.

“இலை மேல துணி பட்டா அதோட சேர்ந்து உறைஞ்சிடும் மாமா. வாளி மாதிரி எதையாவது கவுக்கணும்,” என்றான் டூகல்.

அப்பா வீட்டுக்குள் ஓடினார். வாளி, பாயசப் பாத்திரம், பெரிய சட்டி, சாலை வேலைக்குப் போட்டுப்போகும் கெட்டித் தொப்பி என்று ஒவ்வொன்றாக வந்தன. எண்ணிப் பார்த்தால் ஏழுதான் தேறியது.

“மத்தவங்களைக் கேக்கணும்,” என்றாள் மெரே மெதுவாக.

“கேளு. ஆனா நீயேதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்பா,” என்று சைக்கிளை மிதித்துப் போய்விட்டான் டூகல்.

வீடு வீடாகப் போய் என்னவென்று சொல்வது? மெரேக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் தேவலை என்றிருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. வேறு வழியில்லாமல் கிளம்பினாள்.

முதல் வீடு ஐவியுடையது. கதவைத் திறந்த ஐவியிடம் மெரே மூச்சு விடாமல் சொன்னாள்: “உன் தக்காளியை நான் வெளியே நட்டுட்டேன். தெரியாம பண்ணிட்டேன். இன்னிக்கு உறைபனியாம். ஒரு வாளி குடு, காப்பாத்திடலாம்.”

ஐவி ஓவென்று அழத் தொடங்கினாள். மெரேக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் ஐவி அழுதுகொண்டே உள்ளே போய், அழுதுகொண்டே ஒரு வாளியோடு வந்தாள். “பெருசா இருக்குல்ல?” என்று மூக்கை உறிஞ்சினாள்.

அடுத்த வீட்டில் திட்டு விழுந்தது. அதற்கடுத்த வீட்டில் சிரித்தார்கள். சிரித்ததுதான் அதிகமாக வலித்தது. ஆனாலும் வெளிச்சம் மங்குவதற்குள், விடுமுறைக்கு வெளியூர் போகாத எட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் நாயின் சாப்பாட்டுக் கிண்ணத்தைக்கூடக் கொண்டுவந்தான். பின்னாலேயே நாயும் வந்தது. கடைசியில் டூகல், கன்றுக்குட்டிக்குப் பால் கொடுக்கும் வாளியோடு வந்து, தன் செடியைத் தானே மூடிவிட்டுப் போனான்.

எல்லாரும் போனபிறகு இரண்டு செடிகள் திறந்து கிடந்தன. மீதி இருந்ததோ ஒரே ஒரு சட்டி. ஒரு செடி மெரேயுடையது. மற்றது விடுமுறைக்கு டுனீடன் நகரத்துக்குப் போயிருந்த வகுப்புத் தோழி ஃப்ளோராவுடையது.

மெரே சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தன் செடியைப் பார்த்தாள். பிறகு சட்டியை ஃப்ளோராவின் செடி மேல் கவிழ்த்தாள்.

தன் செடியைச் சுற்றி நான்கு குச்சிகளை நட்டு, மேலே தன் கம்பளித் தொப்பியை மாட்டினாள். “கொஞ்சம் தாங்கிக்கோ,” என்றாள்.

காலையில் புல்லெல்லாம் உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்திருந்தது. சொல்லிவைத்ததுபோல் பிள்ளைகள் எல்லாரும் வேலியோரம் நின்றார்கள். மெரேயின் கை ஒரு வாளியை நோக்கிப் போனது.

“இரு! வெயில் வந்து பனி உருகட்டும்,” என்றான் டூகல்.

காத்திருப்பது பெரும்பாடாக இருந்தது. ஒருவழியாக வெயில் வேலியைத் தாண்டி வந்ததும் ஆளுக்கொரு வாளியைத் தூக்கினார்கள்.

“பச்சை!” என்று கத்தினாள் ஐவி. “என்னோடதும்!” “என்னோடதும்!” ஃப்ளோராவின் செடியும் தலை நிமிர்ந்து நின்றது.

கம்பளித் தொப்பி மட்டும் விறைத்துச் சரிந்து கிடந்தது. அதன் கீழே மெரேயின் செடி கருத்துத் துவண்டிருந்தது. மெரே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

டூகல் அந்தச் செடியைப் பார்த்தான், ஃப்ளோராவின் செடியை மூடியிருந்த மெரே வீட்டுச் சட்டியைப் பார்த்தான்.

“இன்னும் ரெண்டு மூணு வாரம் பனி வரும். வாளியை இங்கேயே விட்டுட்டுப் போறேன். சாயங்காலம் மறக்காம மூடு,” என்றான்.

“என் வாளியும் இருக்கட்டும்,” என்றாள் ஐவி. மற்றவர்களும் வாளிகளை வேலியோரம் அடுக்கினார்கள். நாய்க் கிண்ணம் மட்டும் நாயோடு திரும்பிப் போனது. அதற்குப் பதில் வேறு கொண்டுவருவதாகச் சொன்னார்கள்.

டூகல் தன் செடியின் குச்சியை உருவி, பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் பெயருக்குக் கீழே ‘மெரே’ என்று எழுதினான்.

“காய்க்கிறதுல பாதி உனக்கு. ஆனா புளிக்கிற பாதி,” என்றான்.

“சரி,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மெரே. “களை பிடுங்குற பாதி உனக்கு!”